படித்தவர் கூறிய நூல்கள்

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக 1880ஆம் ஆண்டு பணியேற்ற உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக் கூறினார். முதலியாரோ வியப்புறவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். பின்னர் அதன் கையெழுத்துப் படியொன்றையும் அளித்தார். நூல் எளிதில் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர்களை அணுகி ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார் சைவராகிய ஐயர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஒருவர் மற்றொருவரைப் பார்த்து 'இதனைப் படித்தீரா?' என்று கேட்ட கேள்வி இத்துணைப் பயன் விளைத்தது!

'என் சரித்திரம்' கூறும் இந்நிகழ்ச்சியை நம் துறை வாசகர் வட்டத்தின் முதற் கூட்டத்தில் படித்தோம். நூல்களைப் பரிந்துரைப்போர் அதன் பெயரை மட்டும் கூறிவிட்டு அமர்தல் கூடாது. எவ்விடத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்பதையும் கூற வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம். இவ்விதி நம்மிற் சிலருக்குத் தொல்லையாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. படிக்காத நூலைப் பரிந்துரைக்கும் பழக்கம் ஆசிரியர்களிடமும் உண்டன்றோ?

வேதியியல் பேராசிரியர் ஒருவர் சீறாப்புராணத்தைக் கூறினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து எனும் மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்கள் கொண்ட பெருங்காப்பியம் அது. தலைப்பைக் கேட்டதுமே மாணவர் முகங்கள் வாடின. அவரோ, முதற் பாடலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை, நுபுவ்வத்துக் காண்டத்தின் மானுக்குப் பிணைநின்ற படலத்திலிருந்து தொடங்குக என்றார். வேடன் வலையில் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டு மீள்வதற்கு நபிகள் நாயகம் பிணையாக நிற்கும் அப்பகுதியை ஒரே மாலையில் படித்து முடித்தோம். அதன்பின் நாட்டுப் படலத்திற்குச் சென்றபோது, அரபு நாட்டில் தமிழ்நாட்டு மருத வயல்கள் எங்ஙனம் வந்தன என்று ஒரு மாணவி கேட்டார். காப்பிய மரபையும் உமறுப் புலவரின் கம்பராமாயணப் பயிற்சியையும் பற்றி அன்று எழுந்த உரையாடல் வகுப்பறையில் என்றும் எழுந்ததில்லை.

இலங்கைக் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'யை மற்றொருவர் எடுத்துரைத்தார். பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே எழுந்த நாவல் அது. வரலாற்றுக்காகப் படிக்கத்தக்கது; சுவைக்காகப் படிப்போர் சற்றுப் பொறுமை கொள்ளல் வேண்டும்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யை மாணவர் ஒருவர் பரிந்துரைத்த போதுதான் வட்டம் இரண்டுபட்டது. 1988இல் நூலாகிய அந்நாவல், முதலாளி ஒருவரின் ஆதிக்கத்தையும், சமயத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்றையும், ஊருக்குள் பள்ளிக்கூடம் வருவதற்கு எழும் எதிர்ப்பையும் ஒளிவின்றிக் காட்டுகிறது. கூட்டத்திற்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "நம் வீட்டுக் குறையை நாமே தெருவில் கொட்டுவதா? பிற சமயப் பிள்ளைகளும் பயிலும் கல்லூரி இது, தம்பி!" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சமுதாயத்தைப் பற்றி ஒரே நூலைப் படித்தவன் அதனையே முழு உண்மையெனக் கொள்ளக்கூடும். மாணவர் பணிவுடன் விடை கூறினார்: "வாப்பா, அந்தக் கதையில் பள்ளிக்கூடத்திற்காக வாதாடுகிறவர்களும் நம்மவர்கள்தாமே? முதலாளியை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதும் நம்மவர்தாமே?"

நாம் மாணவர் பக்கமே நின்றோம். குறையைக் கண்டு கூறியவர் வெளியாரல்லர். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து அம்மண்ணின் பேச்சிலேயே எழுதியவர். அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதை நாம் பெருமையுடன் பேசுகிறோம். விருதை மட்டும் ஏற்று, எழுத்தை அலமாரியில் பூட்டிவைத்தல் முறையாகாது. எனினும் பெரியவரின் அச்சத்தையும் மதித்து, இந்நாவலைச் சீறாவின் ஒரு படலத்தோடு சேர்த்தே மாணவர்கட்குக் கூறுவதென இசைந்தோம்.

கூட்டம் கலைந்தபின் பெரியவர் அந்நூலை வாங்கிச் சென்றார். மூன்று வாரங்கள் திருப்பித் தரவில்லை. தந்தபோது உள்ளே மடித்த தாளொன்று இருந்தது. கடற்கரை வழக்குச் சொற்கள் நாற்பதுக்கு மேல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருளும் குறித்திருந்தார். தம் மறுப்பைக் கைவிட்டதாக அவர் கூறவில்லை; நாமும் கேட்கவில்லை. அத்தாளை நூலின் பின்னட்டையில் ஒட்டித் துறை நூலகத்தில் வைத்துள்ளோம்.