அக்காவின் அசைன்மென்ட்

பாளையங்கோட்டை

அன்புள்ள மருமகள் செல்விக்கு,

நீ அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டேன். அக்கா, அதாவது உன் அம்மா, ராத்திரி பதினோரு மணி வரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுகிறாள். சாட்ஜிபிடியில் போட்டு அஞ்சு நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் உன்மேல் எரிந்து விழுகிறாள். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மாமா" என்கிறாய். சொல்கிறேன், ஆனால் உனக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. கூட்டுறவு வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று. எம்.ஏ. வரலாறு முடித்து எந்த வேலைக்கும் போகப் போவதில்லை. ஆசைக்குப் படிப்பவள் எதற்காக இப்படிக் கிடந்து அல்லாட வேண்டும், கஷ்டமான பகுதியை மெஷினிடம் தள்ளிவிட்டுப் புத்தகத்தை நிதானமாக வாசிக்கட்டுமே என்கிறாய். அந்தக் கஷ்டமான பகுதிதான் படிப்பு, வாசிப்பதெல்லாம் அதற்கு முன்னேற்பாடு என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் படிப்பு மையத்தில் பெரியவர்களுக்கு வகுப்பெடுத்து, அவர்கள் எழுதியதைத் திருத்திவருகிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

இந்த அசைன்மென்ட் எங்கிருந்து வந்தது என்று பார். இங்கிலாந்தில் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்று ஒருவர். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். கூட்டுறவு நிறுவனங்களில் குமாஸ்தாவாகவும் காசாளராகவும் வேலை பார்த்தவர், அதாவது உன் அம்மாவின் ஆள். தொழிலாளிக்குப் பல்கலைக்கழகப் படிப்பு கிடைக்க வேண்டும் என்று 1903-இல் ஒரு சங்கம் தொடங்கினார். அவருடைய மனைவி பிரான்சிஸ் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக்கொடுத்த இரண்டரை ஷில்லிங்தான் அதன் முதல் மூலதனம் என்பார்கள். பிறகு அது தொழிலாளர் கல்விச் சங்கம் என்று பெயர் பெற்றது.

அதற்கு முப்பது வருஷம் முன்பே கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் நிறையக் கூட்டம் வரும், கேட்கும், கலைந்து போகும். ராச்டேல் என்ற பஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு அது போதவில்லை. நாங்கள் முப்பது பேர் வருகிறோம், விடாமல் வருகிறோம், எழுதவும் எழுதுகிறோம், எங்களுக்கென்று ஒரு ஆசிரியரைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 1908 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு சார்பில் அந்த வேலைக்குப் போனவர் ஆர்.எச். டானி. அப்போது அவருக்கு 27 வயது, உன்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். வெள்ளிக்கிழமை மாலை லாங்டன் என்ற மட்பாண்டத் தொழில் ஊரில் வகுப்பு, சனிக்கிழமை பிற்பகல் ராச்டேலில்.

அந்த வகுப்பின் சட்டதிட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம். முதல் மணி ஆசிரியர் பேசுவார், இரண்டாவது மணி எல்லோரும் அவரோடு வாதாடுவார்கள். வருஷத்துக்கு 24 வகுப்பு, இப்படி மூன்று வருஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். ஆலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவன், அடுப்படியிலோ படுக்கைக்கு முன்போ பேனாவைப் பிடித்துப் பொருளாதார வரலாற்றைப் பற்றி எழுத வேண்டும். கடைசியில் பட்டம் உண்டா? கிடையாது. சம்பள உயர்வும் கிடையாது. நீ அக்காவைப் பார்த்துக் கேட்கும் 'எதற்கு' என்ற கேள்வியை அவர்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

டானி என்ன சொன்னார் என்பதையும் கேட்டுக்கொள். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலப் பிரச்சினையைப் பற்றி 1912-இல் ஒரு புத்தகம் போட்டார். வரலாற்று மாணவர்கள் இன்றும் புரட்டும் புத்தகம். அதன் முன்னுரையில், நெசவாளிகளும் மட்பாண்டத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் தன்னைச் செல்லமாகக் குட்டிக் குட்டிக் கற்பித்ததை ஏட்டில் எளிதில் கற்றிருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். சம்பிரதாய நன்றி என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கூலி, வாடகை, விலை என்று அவர் பேசும்போது எதிரில் இருந்தவர்கள் அந்தக் கூலியை வாங்கி அந்த வாடகையைக் கட்டுகிறவர்கள். பதினெட்டு வயது மாணவனிடம் இதை எதிர்பார்க்க முடியாது. கணக்கோ வேதியியலோ இளமையிலேயே நன்றாக ஏறும். வரலாறும் இலக்கியமும் தத்துவமும் அப்படியில்லை. படிக்கிறவன் கையில் கொஞ்சம் வாழ்க்கை இருந்தால்தான் அவை பிடி கொடுக்கும்.

(ராச்டேல் என்ற பெயரை அக்காவிடம் சொல்லிப் பார். கூட்டுறவுப் பயிற்சி முடித்த எல்லோருக்கும் அது மனப்பாடம். 1844-இல் நெசவாளிகள் கூட்டுறவுக் கடை திறந்தார்களே, அதே ஊர்தான். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி வாசகசாலை நடத்தியவர்கள். முப்பது பேர் வகுப்பு கேட்டு நின்றது அந்த மண்ணின் பழக்கம்.)

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த மாலை வகுப்புகளுக்கு ஆசிரியர்களாகப் போனவர்கள் பட்டியல் பெரிது. 1948-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வெளிவகுப்புத் துறையில் சேர்ந்த ஈ.பி. தாம்சன், யார்க்ஷயர் ஊர்களில் பெரியவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டேதான் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் உருவான கதையை எழுதினார். 1963-இல் வெளிவந்தது. ரேமண்ட் வில்லியம்ஸ், ரிச்சர்ட் ஹோகார்ட் இருவரும் இதே வகுப்புகளில் பாடம் நடத்தித் தேறியவர்கள்தான்.

பிறகு 1971 ஜனவரியில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடத்தைத் தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்காமல் 24,000 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டது. தொலைக்காட்சியில் பாடம் சொல்லலாம், தபாலில் புத்தகம் அனுப்பலாம். வாதாடும் அந்த இரண்டாவது மணியை எப்படி அனுப்புவது? அதற்காகத்தான் ஆசிரியர் திருத்தும் அசைன்மென்ட்டை நடுநாயகமாக வைத்தார்கள். மாணவர் எழுதி அனுப்புவார். ஆசிரியர் ஓரத்தில் கேள்வி கேட்டு, மறுத்து, பாராட்டி, திருப்பி அனுப்புவார். 1985-இல் நம் நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வந்தபோது அதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட்டுக்கு, 70 தேர்வுக்கு. அக்கா படிக்கும் எட்டு கிரெடிட் தாள் ஒன்றுக்கு, கிரெடிட்டுக்கு 30 மணி வீதம், 240 மணி நேர உழைப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நீ மிச்சப்படுத்தித் தர நினைப்பது அதில் உருப்படியான மணி நேரங்களை.

இக்னோவுக்கு முன்பே நம்மிடம் அஞ்சல்வழிக் கல்வி இருந்தது. டெல்லி 1962-இல் ஆரம்பித்தது. அண்ணாமலை 1979-இல், சென்னை 1981-இல். அவற்றை நான் ஏளனம் செய்ய மாட்டேன். கல்லூரி வாசலை மிதிக்க முடியாத எத்தனை குமாஸ்தாக்களும் கல்யாணமான பெண்களும் அதில் பட்டம் வாங்கித் தலைநிமிர்ந்தார்கள்! ஆனால் புத்தகம் வரும், தேர்வு வரும், நடுவில் பேச ஆள் இருக்காது. எழுதிப் பழகும் வழக்கம் அங்கே மெலிந்தது. அசைன்மென்ட் வந்தபோது அதையும் ஒரு சடங்காக்கிவிட்டோம். எழுதி முடித்த விடைகளைக் கடையில் விற்கிறார்கள், பி.டி.எப். ஆக அனுப்புகிறார்கள். இப்போது நீ சொல்லும் அஞ்சு நிமிஷமும் சேர்ந்துகொண்டது. ஒரே விடையை வேறு வேறு கையெழுத்தில் வாசிக்கும் அலுப்பு திருத்துகிறவனுக்குத்தான் தெரியும். அவனும் மனிதன்தானே, ஓரத்தில் கேள்வி எழுதுவதை நிறுத்திவிட்டு மார்க்கை மட்டும் போட ஆரம்பிக்கிறான்.

நம்மூரில் இதற்கு வேறொரு மரபும் உண்டு. 1920-களில் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி. அவர் வக்கீலுக்குப் படித்தவர். வந்து உட்கார்ந்தவர்களும் அவரவர் தொழிலில் இருந்தவர்கள். ஒரே கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் தாளத்தையும் பாவத்தையும் காட்டுவார். காரைக்குடியில் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம், ஞாயிறுகளில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புகள், திருவாசக முற்றோதல் எல்லாம் பெரியவர்கள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட பள்ளிக்கூடங்கள்தான். காதைத் தீட்டிக்கொள்ள இவற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கேட்டவர்களைக் கையோடு எழுதவைக்கும் ஏற்பாடு இவற்றில் இல்லை என்பது என் குறை. நூறு பேர் ரசித்தால் இரண்டு பேர் எழுதினார்கள், மற்றவர்கள் கண்டது அவர்களோடு போயிற்று. டி.கே.சி. அன்பர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

இனி அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியப் பொருளாதார வரலாற்றுத் தாளில் அவளுக்கு வந்திருக்கும் கேள்வி, வெள்ளைக்காரன் காலத்துக் கிராமக் கடன் பற்றியது. மெஷினிடம் கேட்டால் என்ன தரும் என்று உனக்குத் தெரியும். 1875 தக்காணக் கலகம், லேவாதேவிக்காரர், 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் என்று வரிசையாகக் கொடுக்கும். தப்பு இருக்காது, மார்க்கும் வரும். அக்காவிடம் போனில் பேசினேன். அவள் பிரெடரிக் நிக்கல்சனில் போய் நிற்கிறாள். சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் நடத்த முடியுமா என்று ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதி அறிக்கை கொடுத்த ஐ.சி.எஸ். அதிகாரி அவர். (பிற்பாடு இதே மனிதர் மாகாணத்தின் மீன்வளத்தையும் கவனித்தார். ஒரே ஆள் கடனையும் பார்ப்பார், கடலையும் பார்ப்பார்!) மாகாணத்துக் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்று அவர் ஒரு மதிப்பீடு போட்டார். பாடப்புத்தகங்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சொல்லிக்கொண்டு போகும்.

அக்கா கேட்கிறாள்: "இதுல புதுக் கடன் எவ்வளவுலே, திருப்பி வச்சது எவ்வளவு?" அவள் சொல்வது உனக்குப் புரியாது, உன் தலைமுறைக்குப் பழக்கமில்லை. நகைக்கடனில் கெடு வந்தால் பலபேர் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே சங்கிலியை அப்படியே திருப்பி வைப்பார்கள். பேரேட்டில் பழைய கடன் முடிந்ததாக ஒரு வரி, புதுக் கடன் கொடுத்ததாக ஒரு வரி. வட்டியைத் தவிர ஒரு பைசா கைமாறியிருக்காது. கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்குக் கடன் கணக்கு என்ற உடனே இதுதான் தோன்றுகிறது. நிக்கல்சன் காலத்துப் பத்திரங்களிலும் அப்படிப் புதுப்பித்தவை எவ்வளவு, அதை அவர் கழித்தாரா இல்லையா என்று தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த ராச்டேல் நெசவாளி டானியைக் குட்டியது இப்படித்தான் இருந்திருக்கும். அக்காவே இதை முழுதாக அறிந்துகொண்டது பதினோரு மணிக்கு மூன்றாவது பத்தி எழுதும்போதுதான் என்கிறாள். எழுதாமல் இருந்திருந்தால், "நல்லா இருக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பாள்.

உனக்கும் ஒரு வார்த்தை. ஆபீசில் கூட இருக்கிற பெண்கள் இலக்கியம், தத்துவம் என்று ஸ்வயம் இணைய வகுப்புகளில் சேர்கிறார்கள், நானும் சேரட்டுமா என்று போன தீபாவளிக்குக் கேட்டாய். தாராளமாகச் சேர். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்று தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஆனால் சேருமுன் அந்தப் பாடம் உன்னிடம் என்ன கேட்கிறது என்று பார். நான்கு விடையில் ஒன்றை டிக் அடிப்பதோடு நின்றால், அது நல்ல சொற்பொழிவு, அந்த மரியாதையோடு கேள். வகுப்பு வேண்டுமென்றால் இரண்டு பக்கமாவது எழுதச் சொல்லி, அதை ஒரு ஆள் வாசித்து, ஒத்துக்கொள்ளாமல் பதில் போடுகிற இடமாகப் பார்த்துச் சேர். அப்படி அமையாவிட்டால் நீங்கள் நாலு பேரே மாதம் ஒரு புத்தகம் வாசித்து, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். பாடத்துக்குப் பணம் வேண்டியதில்லை. இக்னோவின் பாடப்புத்தகங்களே இகியான்கோஷ் தளத்தில் சும்மா கிடைக்கின்றன.

அக்காவுக்கு உதவ வேண்டும் என்ற உன் எண்ணம் நல்லது, அதைக் கைவிடாதே. ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் செய்து சாம்பார் பொடி அளவு கேட்காதே. உங்கப்பாவுக்குத் தோசை ஊற்றத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார், அவரிடம் நீ பேசு. நான் பேசினால் மச்சான் சண்டையாகிவிடும். அக்கா எழுதி முடித்ததும் உனக்கு வாசித்துக் காட்டச் சொல். திருப்பி வைக்கிற சங்கதி உனக்கே விளங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் கேள். உனக்கு விளங்குகிற மாதிரி அவள் இன்னொரு தடவை எழுதுவாள். நான் அந்தத் தாளைத் திருத்த மாட்டேன். கூடப்பிறந்தவள் தாளைத் தொடுவது முறையில்லை, வேறு ஒருவர் பார்ப்பார்.

கம்ப்யூட்டரை வைத்து ஏதாவது செய்தே தீர வேண்டுமென்றால் ஒரு வேலை இருக்கிறது. அக்கா கையில் இருப்பது நிக்கல்சனைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான், மூல அறிக்கை இல்லை. பழைய சென்னை மாகாண அறிக்கைகள் பலவற்றை ஸ்கேன் செய்து இணைய நூலகங்களில் போட்டிருக்கிறார்கள். தேடிப் பார். இரண்டு தொகுதியும் வேண்டும், முதல் தொகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிற்காதே. கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
மாமா