மகிழுந்து மோகமும் மாதத் தவணையும்



நம் இளைஞர்கள் நான்கு பேர் ஓர் உணவகத்தில் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மகிழுந்தில்தான் வந்து முடியும். புதிய மைவி எப்போது வரும், பழைய விராவுக்கு எந்த இயந்திரம் பொருந்தும், எந்தச் சக்கரத்துக்கு எந்த டயர் என்றெல்லாம் நள்ளிரவு தாண்டியும் விவாதம் நடக்கும். இந்த ஆர்வத்தைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதே ஆர்வத்தால்தான் நானும் இயந்திரப் பொறியியல் படித்தேன். 2009-இல் பட்டம் பெற்று, இன்றுவரை வாகன உதிரிப்பாகத் துறையில்தான் பணிபுரிகிறேன்.

படிப்பை முடித்து வெளியே வரும் தம்பி தங்கைகள் ஆண்டுதோறும் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். “அண்ணா, முதலில் என்ன காடி வாங்கலாம்?” என்பது ஒன்று. “காடி சம்பந்தப்பட்ட வேலைக்குப் போகலாமா, அல்லது நிலையான வேலையைப் பார்க்கலாமா?” என்பது மற்றொன்று. இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் முதல் கேள்விக்கு நாம் சொல்லும் பதில்தான் இரண்டாவது கேள்வியின் பதிலைத் தீர்மானிக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஆசை மூன்று வகை

மகிழுந்து மீதான ஆசையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வைத்துக்கொள்ளும் ஆசை. இரண்டாவது, அறிந்துகொள்ளும் ஆசை. மூன்றாவது, அத்துறையிலேயே உழைக்கும் ஆசை.

இவற்றுள் முதலாவது பணத்தைச் செலவழிக்கும். இரண்டாவதற்கு நேரமும் பொறுமையும் போதும். மூன்றாவது பணத்தைச் சம்பாதித்துத் தரும். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்றாலும் நம்மில் பெரும்பாலோர் முதல் சம்பளம் வந்தவுடன் முதலாவதைத்தான் நிறைவேற்றப் புறப்படுகிறோம். விளம்பரமும், உறவினர் கேள்வியும், நண்பர்களின் புதுவண்டியும் அந்தப் பக்கமே நம்மைத் தள்ளுகின்றன.

தவணையின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மகிழுந்தின் விலை 60,000 ரிங்கிட். 10 விழுக்காடு முன்பணமாக 6,000 ரிங்கிட் கட்டியாயிற்று. மீதி 54,000 ரிங்கிட்டுக்கு 9 ஆண்டுக் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலைவட்டி என வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் பல்லாண்டுகளாக வாடகைக் கொள்முதல் கடன்கள் இந்த நிலைவட்டி முறையில்தான் கணக்கிடப்பட்டு வந்தன.

வட்டி: 54,000 × 3% × 9 = 14,580 ரிங்கிட்.
மொத்தக் கடன்: 68,580 ரிங்கிட்.
108 மாதங்களுக்கு மாதம் 635 ரிங்கிட்.

3 விழுக்காடு என்பது காதுக்குச் சிறிய எண்ணாகவே கேட்கிறது. ஆனால், நாம் மாதந்தோறும் கடனைக் கட்டிக்கொண்டே வருகிறோம். வட்டியோ முதல் நாள் வாங்கிய முழுத்தொகைக்கே கடைசி வரை போடப்படுகிறது. இதே தவணையைக் குறையும் நிலுவை முறையில் சொன்னால் வட்டி ஏறத்தாழ 5.5 விழுக்காடு ஆகும். ஆகவே, எந்த முறையில் கணக்கிட்டாலும் விற்பனையாளரிடம் வட்டி விழுக்காட்டை மட்டும் கேட்காதீர்கள். “மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்?” என்று கேளுங்கள். 60,000 ரிங்கிட் மகிழுந்துக்கு நம் கையிலிருந்து போவது 74,580 ரிங்கிட். 9 ஆண்டு முடிந்து நமக்குச் சொந்தமாகும்போது அது 9 வயது வண்டி!

அந்த 9 ஆண்டுகளும் அதன் உரிமை கடன் கொடுத்தவரிடமே இருக்கும். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ், தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் வாகனத்தை மீட்கும் அறிவிப்பு வரலாம். புதிய பட்டதாரிகளிடம் வங்கி ஜாமீன் கேட்பதும் உண்டு. அந்தக் கையெழுத்தைப் போடுபவர் பெரும்பாலும் நம் அப்பாவோ அம்மாவோதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தவணையோடு செலவு முடிவதில்லை. காப்புறுதியில் கோரிக்கை செய்யாதோருக்கான கழிவு முதல் ஆண்டு கழிந்து 25 விழுக்காட்டில் தொடங்கி, 55 விழுக்காட்டை எட்ட ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். புதிதாக வாங்கும் இளைஞருக்கு அந்தக் கழிவு கிடையாது. பெரிய இயந்திரத்தின்மீது காதல் உள்ளவர்கள் சாலை வரியையும் பார்க்க வேண்டும். தீபகற்பத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கான பெட்ரோல் மகிழுந்துக்கு 1.5 லிட்டர் என்றால் 90 ரிங்கிட், 2.0 லிட்டர் என்றால் ஏறத்தாழ 380, 2.5 லிட்டர் என்றால் ஏறத்தாழ 880, 3.0 லிட்டருக்கு 2,130 அளவில் போய் நிற்கும்.

என் அப்பா கிள்ளானில் லாரி ஓட்டியவர். அவர் இந்தப் பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “வாங்கறது பெரிசு இல்லப்பா. நிப்பாட்டி வெச்சாலும் தின்னுற சாமான் அது!”

இப்போது 3,000 ரிங்கிட் சம்பளத்தில் சேரும் ஒரு பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ போன்ற சிறு பிடித்தங்களும் போகக் கைக்கு வருவது 2,640 ரிங்கிட் அளவில் இருக்கும். தவணை 635, பெட்ரோலும் டோலும் 350, காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மாதக் கணக்கில் 250. மகிழுந்துக்கு மட்டும் 1,235 ரிங்கிட். அறை வாடகை 450, சாப்பாடு 600, கல்விக்கடனாகிய பிடிபிடிஎன்னுக்கு 150, வீட்டுக்கு 200. மீதம் 5 ரிங்கிட்!

தவணை வேலையையும் தேர்ந்தெடுக்கும்

இதுவரை சொன்னது பணக்கணக்கு. இதைவிட முக்கியமானது இனி வருவது.

மேலே சொன்ன பட்டதாரிக்குப் பந்தய வண்டிகளைத் தயார் செய்யும் ஒரு பட்டறையில் 2,200 ரிங்கிட் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு வயது முதல் அவர் கனவு கண்ட வேலை அது. அவரால் போக முடியுமா? முடியாது. மாதக் கடைசியில் 5 ரிங்கிட் மீதம் உள்ளவர் 800 ரிங்கிட் குறைவான சம்பளத்துக்கு எப்படிப் போவார்? அந்தக் கதவை மூடியது அவருடைய வீட்டு வாசலில் நிற்கும் மகிழுந்துதான். மகிழுந்தை நேசித்தவரை மகிழுந்துத் துறைக்குள் நுழைய விடாமல் தடுப்பதும் ஒரு மகிழுந்தே என்பது எவ்வளவு வேடிக்கை!

என் இறுதியாண்டு முடிந்தபோது இதுபோன்ற இரு வாய்ப்புகள் எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் சேர்ந்தே வந்தன. ஒன்று, பந்தயப் பட்டறை. சம்பளம் 1,200 ரிங்கிட், நிரந்தர ஒப்பந்தம் இல்லை. மற்றொன்று, உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். சம்பளம் 2,100 ரிங்கிட், சேமநிதியும் மருத்துவச் சலுகையும் உண்டு. நண்பன் பட்டறைக்குப் போனான். நான் தொழிற்சாலைக்குப் போனேன்.

அவன் துணிந்தவன், நான் அஞ்சியவன் என்று யாரேனும் முடிவு கட்டினால் அது சரியாகாது. அவனுடைய பெற்றோர் இருவரும் ஓய்வூதியம் உள்ள ஆசிரியர்கள். கோலாலம்பூரிலேயே சொந்த வீடு. மூன்று ஆண்டுகள் பெற்றோர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தொழிலைக் கற்றான். இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். என் அப்பாவுக்கு ஓய்வூதியம் இல்லை. முழங்கால் வலியோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கை அப்போது பல்கலைக்கழகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஆசை ஒரே அளவுதான். நின்ற தரைதான் வேறு.

நான் புதுவண்டி வாங்கவில்லை. இரண்டு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன். பின்னர் 4,500 ரிங்கிட் ரொக்கத்துக்கு ஒரு பழைய சாகா இஸ்வாரா வாங்கி, சனிக்கிழமைகளில் எங்கள் தாமானில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் பிரேக்கும் கிளட்சும் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டேன். 2014-இல் தங்கை வேலைக்குச் சேர்ந்தாள். அதே ஆண்டில் 600 ரிங்கிட் குறைவான சம்பளத்துக்கு, பிரேக் பாகங்களைச் சோதிக்கும் பிரிவுள்ள வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன். நான் விரும்பிய வேலை அது. எனக்குத் தவணை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த மாற்றம் நடந்திருக்காது.

துறை பட்டறையோடு முடிவதில்லை

‘மகிழுந்துத் தொழில்’ என்றால் ஓட்டுநர் அல்லது பழுதுபார்ப்பவர் என்று மட்டும் நம் பெற்றோர் நினைப்பதுண்டு. அவர்களுக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். புரோட்டோன் 1983-இல் தொடங்கப்பட்டு, 1985-இல் முதல் சாகா வெளிவந்தது. பெரோடுவா 1993-இல் தோன்றி, 1994-இல் கஞ்சிலையும் 2005-இல் மைவியையும் தந்தது. இன்று ஷா ஆலாம், தஞ்சோங் மாலிம், ரவாங், பெக்கான், கூலிம், மலாக்காவின் பெகோ எனப் பல இடங்களில் வாகனத் தொழிற்சாலைகள் உள்ளன. அவற்றைச் சுற்றி இருக்கை, கம்பிச்சுருள், விளக்கு, பிரேக் எனப் பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் நிறைந்துள்ளன.

இவற்றில் பொறியாளருக்கு மட்டுமா வேலை? கணக்கியல் படித்தவர் பாகங்களின் அடக்கவிலையைக் கணக்கிடலாம். சட்டம் படித்தவருக்கு ஒப்பந்தப் பிரிவு உண்டு. வேதியியல் படித்தவருக்கு வண்ணப்பூச்சும் ரப்பரும் உண்டு. காப்புறுதித் துறையில் விபத்து வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் பணி உண்டு. புரோட்டோன் தன் முதல் மின்மகிழுந்தான இ.மாஸ் 7-ஐ 2024 டிசம்பரில் வெளியிட்டது. மின்கலம், மென்பொருள் ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கும் இனி இத்துறையில் இடமுண்டு. ஆகவே ‘ஆசையா, பாதுகாப்பா?’ என்று ஒன்றைப் பலிகொடுக்கும் முன், இரண்டும் ஒன்றாக இருக்கும் வேலை உண்டா என்று தேடிப் பாருங்கள்.

தாங்கும் தரை

பந்தயத்தில் பெயர் பெற்ற இரு தமிழர்களை நோக்குவோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர். அவ்வாண்டு நம் சிப்பாங் ஓடுதளத்திலும் ஓட்டினார். அவருடைய தந்தையே பெயர் பெற்ற ரேலி ஓட்டுநர். நடிகர் அஜித் குமாருக்கு அப்படிப்பட்ட பின்னணி இல்லை. அவர் திரைத்துறையில் ஊன்றிய பிறகே 2003-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவிலும், 2010-இல் ஃபார்முலா 2-இலும் ஓட்டினார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அப்போது அவருக்கு வயது 53. ஒருவருக்குத் தரை பிறப்பிலேயே அமைந்தது. மற்றவர் தரையைத் தாமே கட்டிக்கொண்டார். தரையே இல்லாமல் எவரும் ஓடவில்லை.

வள்ளுவரும் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வரவையும் செலவையும் பேசுகிறார். வருவாய் சிறிதாக இருப்பதில் கேடில்லை, செலவின் வழி அதைவிட அகலாமல் இருக்கும்வரை என்பது அவர் கருத்து. வலிமையைப் பற்றிய அதிகாரத்தில் பணக்கணக்கை ஏன் வைத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாணவப் பருவத்தில் அறிவுப்பசிக்குப் பணம் தேவையில்லை. 2010-இல் ஆசியாவின் முதல் ஷெல் இக்கோ மராத்தான் சிப்பாங்கில் நடந்தபோது, குறைந்த எரிபொருளில் அதிகத் தூரம் ஓடும் வண்டிகளை உருவாக்கிக் கொண்டுவந்தவர்கள் மாணவர்களே. உங்கள் புலத்தில் இத்தகைய குழு இருந்தால் இன்றே சேருங்கள். நேர்முகத் தேர்வில், எந்த வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எதைச் செய்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

சிந்திக்கச் சில பயிற்சிகள்

வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேருந்தும் ரயிலும் எட்டாத இடத்தில் வேலை கிடைத்தால் வண்டி அவசியம்தான். வாங்குமுன் ஒரு தாளை எடுத்து இம்மூன்றுக்கும் விடை எழுதுங்கள்.

1. நான் மனதார விரும்பும் வேலைக்குத் தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த சம்பளம் எவ்வளவு? அந்தச் சம்பளத்திலும் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா?

2. நாளை வேலை போனால், கடன் வாங்காமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பேன்? ஆறு மாதத்துக்குக் குறைவென்றால், முன்பணத்துக்கு வைத்த தொகை முதலில் சேமிப்புக்குப் போகட்டும்.

3. என் சம்பளத்தை நம்பி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு?

மூன்றாவது கேள்விக்குப் பெற்றோரோடு அமர்ந்து விடை காணுங்கள். பெற்றோர் கையெழுத்து மட்டும் போட வந்தவர்களாக இருக்கக் கூடாது. கணக்கையும் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். விடைகள் சாதகமாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், மகிழ்ச்சியாக ஓட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருங்கள். விரும்பிய வேலைக்குப் போகும் உரிமை அதுவரை உங்கள் கையிலேயே இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் இளையோர்!