பிறக்கும் சிசு படும் பாடு



சென்ற வாரம் ஓர் இளந்தாய் கைக்குழந்தையுடன் வந்தாள். ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. “சுவாமி, தலை நீண்டு பிறந்தான். பிறக்கும்போது பட்ட பயம் ஆயுள் முழுதும் மனதில் நிற்குமாமே, மெய்யா?” என்று கண் கலங்கிக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலாவது, தேகம். தாயின் உதரத்தில் சிசுவின் நுரையீரலில் நீரே நிறைந்திருக்கும். பிராணவாயு தொப்புள்கொடி வழியாய் வரும். பிறந்ததும் அந்நீர் வற்றிக் காற்றுப் புகவேண்டும். பிரசவ நெருக்கத்தில் சிசுவின் இரத்தத்தில் அட்ரினலின் முதலிய சுரப்புகள் பெருகி, நீரை வற்றச் செய்யவும் குழந்தையை விழிப்பாய் வைக்கவும் துணைபுரிகின்றன. ஆகையால் அந்த நெருக்கம் முழுவதும் தீங்கன்று. வலி துவங்குமுன் அறுவைசிகிச்சையால் எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சு வேகமாய் ஓடுவது சற்று அதிகமாய்க் காணப்படுவதும் இதனாலேயே. வைத்தியர் கவனத்தில் பெரும்பாலும் சில நாட்களில் அது தணிந்துவிடும்.

தலை நீள்வதேன்? மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று பிணையாததால், குறுகிய வழிக்கேற்ப வளைந்து கொடுக்கின்றன. பெரும்பாலும் சில நாட்களில் தலை தானே உருண்டைக்கு வரும். கையால் அழுத்தி உருவாக்க வேண்டா.

நெடுநேரம் மூச்சுத் தடைபட்டால் மூளைக்கு ஊனம் நேரலாம். பிறந்த சிசுவின் நிலையை உடனே அறிய, டாக்டர் வர்ஜீனியா ஆப்கர் என்னும் மாது 1952-ல் ஒரு முறை வகுத்தார். நிறம், நாடி, மூச்சு முதலிய ஐந்தையும் 1-ஆம், 5-ஆம் நிமிஷங்களில் பார்த்து இன்றும் மதிப்பெண் இடுகின்றனர்.

இரண்டாவது, மனம். பிறப்பின் அதிர்ச்சியே பிற்காலப் பயங்களுக்கெல்லாம் வேர் என்று ஒட்டோ ராங்க் என்னும் மனநூலார் 1924-ல் ஒரு நூல் எழுதினார். அவருடைய ஆசானாகிய பிராய்டே 1926-ல் அதை மறுத்தார். அக்கொள்கைக்குத் தக்க சான்று இன்றளவும் இல்லை. ஆயினும் சிசுவுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணாதீர்கள். அது வலியை உணர்கிறது; தாயின் குரலையும் வாசனையையும் அறிகிறது.

மூன்றாவது, நம் கடமை. சிசுவைத் துடைத்து, தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்தி மேலே துணி போர்த்துங்கள். உடற்சூடு நிலைபெறும், அழுகை தணியும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கட்டும். அறுவைசிகிச்சையானாலும் தாயும் சேயும் நலமாயிருந்தால் இவ்வாறே செய்யலாம். சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் வைக்க வேண்டா. ஒரு வயது வரை தேன் ஆகாது. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவும் வேண்டா.

மாமியார்மாரே, உறவினரே! “ஆயுதம் போட்ட பிள்ளை, ஆபரேஷன் பிள்ளை” என்று தாயின் காதுபடப் பேசாதீர்கள். நீங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இளைப்பாறட்டும்.

உங்கள் பங்குக் குரு