எழுச்சியா? அனுபவமா?

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தலைவி தேர்தலில் இருவர் நின்றனர். ஒருத்தி மேடையேறினால் கேட்போர் உள்ளம் பொங்கும். மற்றவள் இரண்டாண்டுகள் துணைத் தலைவியாக இருந்தவள். பேச எழுந்தால் நாத் தடுமாறும். யாருக்கு வாக்களிப்பது என்று நெடுநேரம் வாதிட்டோம். பதினெட்டு வயது நிறைந்தபின் நாட்டின் தேர்தலிலும் இதே வினா நம்முன் நிற்கும். வரலாறு கூறும் விடையைச் சற்றுக் காண்போம்.

1856-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜேம்ஸ் புக்கானன். கீழவையில் பத்தாண்டுகள், செனட் சபையில் அதனினும் அதிகம், ரஷ்யாவிலும் இங்கிலாந்திலும் தூதர், வெளியுறவு அமைச்சர் என அவர் பார்க்காத பதவி இல்லை எனலாம். ஆயினும் அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் பிரியத் தலைப்பட்டபோது, "பிரிவது சட்டவிரோதம், ஆனால் வலிமையால் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை" என்ற கருத்தைக் கூறி நின்றுவிட்டார். அவர் பதவி விட்டிறங்குமுன் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன.

1861-இல் அவரை அடுத்து வந்தவர் ஆபிரகாம் லிங்கன். மாநிலச் சட்டசபையில் எட்டாண்டுகளும் கீழவையில் இரண்டே ஆண்டுகளும் இருந்தவர். 1858-இல் செனட் பதவிக்கு முயன்று தோற்றவர். அவருடைய சொல்லின் ஆற்றலே அவரை நாடறியச் செய்தது.

அப்படியானால் எழுச்சியூட்டும் பேச்சே போதும் என்று முடிவு கட்டலாமா? கூடாது. லிங்கனின் பேச்சுக்குப் பின்னால் உழைப்பு இருந்தது. 1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் பேசுவதற்காக, அரசியல் சட்டத்தில் கையொப்பமிட்ட 39 பேரும் அடிமை முறை பரவுவது குறித்து என்ன நிலை எடுத்தனர் என்று பழைய ஏடுகளைத் தேடிப் படித்தார். அவர்களுள் 21 பேர், அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டெனத் தம் செயலால் காட்டியவர்கள் என்று எடுத்துரைத்தார்.

மேலும், தம் அனுபவக் குறையை அவர் ஈடு செய்துகொண்டார். கட்சி வேட்பாளர் தேர்வில் தம்மோடு போட்டியிட்ட சீவார்டு, நியூயார்க்கின் ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்தவர். அவரையே வெளியுறவு அமைச்சராக்கினார். 1862-இல் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட எண்ணியபோது, போரில் ஒரு வெற்றி கிட்டும்வரை பொறுக்குமாறு சீவார்டு சொன்னார். லிங்கன் கேட்டுக்கொண்டார்; செப்டம்பரில், ஆன்டீட்டம் போருக்குப் பின்னரே அறிவித்தார்.

எனவே அனுபவமுள்ளவரிடம், "அந்த ஆண்டுகளில் எதைத் துணிந்து செய்தீர்?" என்று கேட்போம். எழுச்சியூட்டுபவரிடம், "சொன்னதைச் செய்ய என்ன கற்றீர்? யாரைத் துணைகொள்வீர்?" என்று கேட்போம்.

எங்கள் வகுப்பில் பேச்சில் வல்லவளே வென்றாள். முதல் மாதம் வகுப்பறைத் தூய்மை முறைப் பட்டியல்கூடக் குழம்பியது. பின்னர் அவளே தோற்றவளிடம் சென்று, "எனக்குக் கற்றுக்கொடு" என்றாள். அன்றுதான் நாங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்தோம் என்று உணர்ந்தோம்.