பட்டியலில் விடுபட்ட எண்



பராயிள் எனும் வாரிசுரிமைச் சட்டத்தில் அல்குர்ஆன் குறிப்பிடும் பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. இவை எல்லாவற்றையும் மீதமின்றிப் பிரிக்க உதவும் மிகச் சிறிய எண் 24. ஒருவர் தாயையும் மனைவியையும் ஆண், பெண் பிள்ளைகளையும் விட்டு மரணித்தால், சொத்தை 24 கூறாக்கி மனைவிக்கு 3, தாய்க்கு 4, பிள்ளைகளுக்கு 17 எனக் கொடுக்கலாம்.

24 இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்கு முந்திய எல்லா எண்களையும் விடக் கூடுதலான காரணிகளைக் கொண்டதே உயர் பகு எண்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1915 இல் இவ்வெண்கள் பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். கணினி இல்லாத அக்காலத்தில் 6,746,328,388,800 வரை சென்று 102 உயர் பகு எண்களை அட்டவணைப்படுத்தினார். ஆனால் இடையில் ஒன்றே ஒன்று விடுபட்டுவிட்டது. அதுதான் 293,318,625,600.

அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இதை முதன்மைக் காரணிகளில் எழுதினால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒரு காரணியை அமைக்கும்போது 2 ஐ 0 தொடக்கம் 6 தடவை வரை, அதாவது ஏழு விதமாக எடுக்கலாம். 3 ஐ ஐந்து விதமாக எடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு சுட்டியுடனும் 1 ஐக் கூட்டிப் பெருக்கினால் போதும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

இதற்கு முந்திய உயர் பகு எண் 240,940,299,600. அதன் காரணிகள் 4800. அடுத்தது 321,253,732,800. அதன் காரணிகள் 5376. இவ்விரண்டையும் நானே பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் 23 ஒரு காரணி. 7 ஒரு தடவை மட்டுமே வருகிறது. விடுபட்ட எண்ணிலோ 23 இல்லை, 7 இரு தடவை வருகிறது. இரு பக்கத்து அயலவரையும் போலில்லாத எண் இது!

கடந்த தவணைப் பரீட்சையில் இணைந்த கணித வினாவொன்றின் நான்கு தீர்வுகளில் ஒன்றை நான் எழுதாமல் விட்டேன். அழுதுகொண்டே, பாடத்தை மாற்றட்டுமா என்று உம்மாவிடம் கேட்டேன். "மத்த மூண்டும் சரிதானே மகள்?" என்றார் உம்மா. அப்போது அது எனக்கு ஆறுதலாகப் படவில்லை.

இராமானுஜனின் அட்டவணையைப் படித்த பிறகே உம்மா சொன்னது விளங்கியது. ஓர் எண் விடுபட்டதால் அவரது ஆய்வு வீணாகவில்லை. அந்த ஆய்வுக்காகவே 1916 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. பின்வந்தோர் விடுபட்டதைக் கண்டுபிடித்துச் சேர்த்தனர்.

குறையற்ற அறிவு அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. நம் கடமை முயல்வதும், விட்டதைத் தேடிப் பார்ப்பதுமே. நான் பாடத்தை மாற்றவில்லை. இப்போது விடை எழுதி முடித்ததும், ஏதும் விடுபட்டதா என்று மீண்டும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறேன்.