கண்ணின்மேல் வில்லை

சென்ற கோடை விடுமுறையில், விஸ்வநத்தத்திலுள்ள உடன்மாணவர் ஒருவரது இல்லத்தில் யாம் சில நாள் தங்கியிருந்தோம். சிவகாசியை அடுத்த அவ்வூரிற் பட்டாசும் அச்சுமே பலர்க்குப் பிழைப்பு என்பது அன்பர்கள் அறிந்ததே. வெயிலும் புழுதியும் சொல்லி முடியா. நண்பர் மூக்குக்கண்ணாடியை விடுத்துக் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர். மாலையானதும், “எல்லாம் புகை மூடினாற்போல் இருக்கின்றது” என்பார். லென்ஸைக் கழற்றிக் குழாய்நீரில் அலசி மீண்டும் இட்டுக்கொள்வார். அதனைத் தூய்மையென்றே யாமும் எண்ணினோம். ஒருநாட் காலையில் அவரது வலக்கண் சிவந்தது. லென்ஸைக் கழற்றிய பின்னரும் பார்வை தெளியவில்லை. அஞ்சி மதுரைக்கு விரைந்தோம். ஆங்குக் கற்றதும் பின்னர்ப் படித்தறிந்ததுமே இக்கட்டுரை.

ஒளி தடையின்றிப் புகவேண்டுதலின், கண்ணின் முன்னுள்ள கருவிழிப்படலத்தில் இரத்தக்குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டும் பிராணவாயுவை அது பெரும்பாலும் வெளிக்காற்றினின்றே கண்ணீர் வழியாகப் பெறுகின்றது. அக்கண்ணீரின்மேல் மிதப்பதே லென்ஸ். 1888 இல் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் வெளியிட்டது கண்ணாடியாலாயது. நெடுநேரம் அணிதற்கு ஒவ்வாதது. 1961 இல் செக் நாட்டு ஒட்டோ விக்டர்லே, சிறுவர் விளையாட்டுக் கருவியின் பகுதிகளைக்கொண்டே ஒரு பொறியமைத்து மென்லென்ஸ் வார்த்தார். நீரை உட்கொண்டு மென்மையாயிருத்தலே இதன் சிறப்பு. இதன் தீங்கும் அதனிடத்தே உளது. உலர்ந்தால் மங்கும், தீய நீரிலிட்டால் அந்நீரிலுள்ளதைக் கண்ணுக்குக் கொணரும்.

மங்கல் எல்லாம் ஒருதன்மைத்தன்று. நூலையோ கணினியையோ உற்றுநோக்குங்கால் இமைத்தல் குறையும், லென்ஸ் உலரும். சிலமுறை இமைத்தவுடன் தெளிந்தால் காரணம் அதுவே. இமைத்தும் தெளியாவிடின் அழுக்குப் படிந்திருக்கலாம். சிலிண்டர் பவர் உடைய லென்ஸ் சுழன்றுவிடின் எழுத்துக்கள் கலங்கித் தோன்றும். இடத்தை வலத்தில் இடுவதும், உட்புறம் வெளிப்புறமாக இடுவதும் உண்டு. (நண்பர் ஒருநாள் முழுதும் அவ்வாறு திரிந்தாராம்!) அணிந்தபடியே உறங்குவோர்க்குப் பிராணவாயு குறைந்து கருவிழிப்படலம் வீங்கும், விளக்கைச் சுற்றி வளையங்கள் தோன்றும்.

பகுத்தறியும் வழி எளிது. லென்ஸைக் கழற்றிப் பழைய மூக்குக்கண்ணாடியை அணிக. தெளிந்தால் குற்றம் பெரும்பாலும் லென்ஸினது. தெளியாவிடினும், வலி, சிவப்பு, வெளிச்சங் கண்டு கூசுதல் இருப்பினும், குற்றம் கண்ணினதாகலாம். லென்ஸை மீண்டும் அணியாது அன்றே மருத்துவரை நாடல் வேண்டும்.

மருத்துவர் முதலில், “லென்ஸ் அணிவதுண்டா?” என்றே வினவினார். அவ்வினாவின் பொருள் பின்னரே விளங்கிற்று. நம் தென்மாவட்டங்களிற் கருவிழிப்புண் பெரிதும் வயல்வேலையில் நெல்லோ இலையோ கீறிப் பூஞ்சை புகுவதால் வருவது. லென்ஸ் அணிவோர்க்கோ பிற கிருமிகளையும் ஐயுறல் வேண்டும். குழாயிலும் கிணற்றிலும் வாழும் அக்காந்தமீபா அவற்றுள் ஒன்று. அந்நோய் அரிதே; வந்தாற் பல மாதம் மருந்திடவேண்டும், பார்வை போதலும் உண்டு. ஆதலின் லென்ஸைக் கழுவுதற்கு அதற்கென அமைந்த மருந்துநீரன்றி வேறெந்நீரும் ஆகாது.

இதற்கு ஒரு புறனடை உண்டு. அவ்வூரார்க்கு அது மிக வேண்டுவது. வேதிப்பொருள் கண்ணிற் பட்டுவிட்டால், லென்ஸைப் பற்றிக் கவலாது உடனே நல்ல நீரைத் தாராளமாக விட்டுக் கழுவல் வேண்டும். கழுவும்போதே லென்ஸை அகற்றலாம். லென்ஸ் கண்ணுக்குக் கவசமாகாது. தூளுள்ள இடத்திற் காப்புக்கண்ணாடி தனியே வேண்டும்.

நண்பர்க்கு நேர்ந்தது சிறு கீறலே. இரு வாரத்தில் ஆறிற்று. பழைய லென்ஸையும் அதன் பெட்டியையும் அவரே குப்பையிலிட்டார். மூக்குக்கண்ணாடி இப்பொழுது அவர் பையை விட்டு அகலுவதில்லை.