பாடம் 7: நாணேகாட் கணவாய்க்கு ஒரு வழித்திட்டம்

நுழையும் முன்

மாணவர்களே! விடுமுறை நாளில் குடும்பத்தோடு மலைக்குச் செல்ல விரும்பாதவர் யார்? ஆனால், பயணம் இனிதாக அமைய வண்டியும் பணமும் மட்டும் போதா. வழியைப் பற்றிய அறிவும் வேண்டும். நீங்கள் வண்டி ஓட்டப்போவதில்லை எனினும், பயணத் திட்டத்தை எழுதும் பொறுப்பை ஏற்கலாம். புனே மாவட்டத்தின் பழமையான கணவாய் ஒன்றுக்குச் சாலைவழியே சென்றுவரத் திட்டம் வகுக்கும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

காசுக் கணவாய்

மலைத்தொடரைக் கடந்து செல்ல இடந்தரும் தாழ்வான இடைவழியைக் கணவாய் என்கிறோம். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் பாலக்காட்டுக் கணவாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மராத்தியர் மலைவழியைக் 'காட்' என்பர். போர்காட், தாம்ஹிணி காட், மால்சேஜ் காட் ஆகிய பெயர்களைப் புனேயில் வாழும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவ்வரிசையில் ஜுன்னர் வட்டத்தில் அமைந்தது நாணேகாட். 'நாணே' என்னும் மராத்திச் சொல்லுக்குக் காசு என்பது பொருள். நம் வழக்கிலுள்ள 'நாணயம்' என்னும் சொல்லும் இதற்கு உறவுடையதே.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், கல்யாண், சோபாரா ஆகிய துறைமுகங்களில் இறங்கிய பொருள்கள் இவ்வழியே மேடேறி ஜுன்னருக்கும், சாதவாகனரின் தலைநகரான பைத்தானுக்கும் சென்றன. கணவாயின் உச்சியில் பெரிய கல்தொட்டி ஒன்று உள்ளது. வணிகர் செலுத்திய சுங்கக் காசுகளை இதில் இட்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அருகிலுள்ள குகையின் சுவர்களில் சாதவாகன அரசி நாகனிகாவின் பிராமிக் கல்வெட்டு காணப்படுகிறது. அதிலுள்ள எண்குறிகள் இந்தியாவின் மிகப் பழைய எண்குறிகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. பிற்காலச் சாதவாகனர் சிலர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் திராவிட மொழியொன்றும் பொறிக்கப்பட்டிருந்தன. அம்மொழியைத் தமிழ் என்று கருதும் அறிஞரும் உளர்.

முன்சென்றோர் சொல்

வழித்திட்டம் வகுப்பது தமிழருக்குப் புதிதன்று. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞரை அவ்வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னன் என்னும் தலைவனை நாடிச் செல்லும் கூத்தருக்கு மலைவழியை விளக்குகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் இடங்கள், வழுக்கும் நிலம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகியவற்றைச் சொல்லி எச்சரிக்கிறது. வழியில் எவர் உணவளிப்பர், இரவில் எங்குத் தங்கலாம் என்பனவற்றையும் கூறுகிறது. அழகை மட்டும் புகழ்ந்து அனுப்பாமல் ஆபத்தையும் உடன் சொல்லி அனுப்புவதே நல்ல வழிகாட்டல் என்பது இதனால் புலப்படும்.

காலம் அறிதல்

நாணேகாட்டின் பெரும்புகழ் அதன் மழைக்கால அருவி. கொங்கணத்திலிருந்து மேலேறும் கடுங்காற்று, விழும் நீரை மேல்நோக்கி வீசி எறிவதால் அருவி தலைகீழாகப் பாய்வது போலத் தோன்றும். இங்கே ஓர் இக்கட்டு உண்டு. காட்சி மிக அழகாக இருக்கும் வேளையில்தான் பாறை வழுக்கும். மூடுபனி பாதாளத்தின் விளிம்பை மறைக்கும். காற்று ஆளையே தள்ளும்.

புனேயில் தூறல் விழுகிறது என்பதைக் கொண்டு மலையின் நிலையை அறிய இயலாது. சகியாத்திரி மழைமேகத்தைத் தடுத்து நிற்பதால் புனே மழைமறைவுப் பகுதியில் உள்ளது. இங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். மலைமுகட்டிலுள்ள மகாபலேசுவரத்திலோ 5000 மில்லிமீட்டருக்கும் மிகுதி. ஆகவே, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே நாள் குறிக்க வேண்டும். இத்துறையின் தலைமையகம் 1928ஆம் ஆண்டு சிம்லாவிலிருந்து புனேக்கு மாற்றப்பட்டது. சிவாஜிநகரில் 'சிம்லா ஆபீஸ்' என்னும் பெயர் இன்றும் வழங்குவது இதனாலேயே. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சும் சிவப்பும் என்றால் மலைப்பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

இவ்வெச்சரிக்கையின் அருமையை இம்மாவட்டம் துயரத்தின் வாயிலாக அறியும். 2014ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், பெருமழையால் அம்பேகாவ் வட்டத்து மாளின் கிராமத்தின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 150 பேருக்கு மேல் உயிரிழந்தனர். வழக்கம்போல் அங்குச் சென்ற அரசுப் பேருந்தின் ஓட்டுநர், வீடுகள் இருந்த இடத்தில் மண்ணைக் கண்டு செய்தி தெரிவித்தார். உதவி வரத் தொடங்கியது அதன் பின்னரே. முன்சென்றவர் சொல்லும் சொல் உயிர்காப்பது என்பதற்கு இது சான்று.

வழியும் நேரமும்

புனேயிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் சாக்கண், ராஜ்குருநகர், மஞ்சர் ஆகிய ஊர்களைக் கடந்து நாராயண்காவை அடைந்து, அங்கிருந்து ஜுன்னர் வழியாக மலையேற வேண்டும். ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சாலை உச்சியோடு முடிகிறது. கொங்கணத்திற்கு இறங்கும் பழைய கற்படிகள் நடைவழியே ஆகும். மழை தணிந்த அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றுக்கான மாதிரித் திட்டம் வருமாறு:

காலை 6.00 – புனேயிலிருந்து புறப்பாடு
காலை 8.00 – நாராயண்காவ்: சிற்றுண்டி, எரிபொருள்
காலை 9.15 – ஜுன்னர்: மலைச்சாலையின் நிலையைக் கேட்டறிதல்
காலை 10.30 – நாணேகாட்: குகை, கல்வெட்டு, கல்தொட்டி, கட்டுச்சோறு
பிற்பகல் 1.30 – திரும்புதல்
பிற்பகல் 3.00 – ஜுன்னர்
மாலை 6.00 – புனே

இத்திட்டத்தின் முதன்மையான வரி 'பிற்பகல் 1.30' என்பதே. அக்டோபரில் கதிரவன் ஆறு மணியை ஒட்டி மறைகிறான். வழியில் ஏதேனும் தடை நேர்ந்தாலும் இருட்டுவதற்குள் மலைச்சாலையைக் கடந்துவிட இந்நேரம் இடந்தருகிறது. நாணேகாட்டை அடைய ஒரு மணிநேரம் தாமதமானால், பார்க்கும் நேரம் மூன்று மணியிலிருந்து இரண்டாகக் குறையும். திரும்பும் நேரம் மாறாது.

மலைப்பாதையின் ஒழுங்கு

1. புறப்படும் முன்பே பிரேக், டயர், வைப்பர், முகப்பு விளக்கு, ஸ்டெப்னி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
2. குறுகிய ஏற்றத்தில் மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை; இறங்கும் வண்டி வழிவிட வேண்டும்.
3. இறக்கத்தில் கீழ் கியரிலேயே வர வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் முழுப்பளுவும் பிரேக்கின்மேல் விழும்; அது சூடேறிச் செயலிழக்கக்கூடும்.
4. கொண்டையூசி வளைவுகளில் முந்துதல், வண்டியை நிறுத்துதல், படம் எடுத்தல் ஆகியன கூடா.
5. மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்வாக எரியவிட வேண்டும். உயர் ஒளி பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச்செய்யும்.
6. வளைவுகளில் தலைசுற்றுவோரை முன்னிருக்கையில் அமர்த்துக. அவர்கள் கைபேசியைப் பாராது தொலைவிலுள்ள சாலையைப் பார்ப்பது நலம்.
7. மலையில் கைபேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலிருப்போர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க. அவசர உதவி எண் 112. மகாராட்டிரத்தில் ஆம்புலன்ஸ் எண் 108.

திரும்புதலும் திட்டமே

சாலையில் புதிதாக உருண்ட கற்கள், சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கியோடும் ஓடை, எதிரே தெரியாத அளவுக்குப் பனி: இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். அவ்வேளையில் வண்டிக்குள் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பார். அச்சொல்லே பலரை ஆபத்தில் செலுத்துகிறது. எந்நிலையில் திரும்புவது என்பதை வீட்டிலேயே எழுதி, அனைவரும் ஒப்புக்கொண்டு புறப்பட்டால், வழியில் வழக்காட வேண்டியதில்லை. அன்று ஜுன்னரிலேயே நின்று, சத்ரபதி சிவாஜி பிறந்த சிவநேரிக் கோட்டையைக் கீழிருந்து கண்டு திரும்பினாலும் அது வெற்றிப் பயணமே. இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கும் கணவாய், அடுத்த ஞாயிறும் அங்கேயே இருக்கும்.

சென்றுவந்த பின், கண்டதை எழுதி நண்பரிடம் கொடுங்கள். அவருக்கு நீங்கள் எழுதும் ஆற்றுப்படை அது.

சொற்பொருள்

முகடு – மலையின் உச்சி
பொறி – விலங்கைப் பிடிக்க வைக்கும் கருவி
பரிசில் – கலைஞர்க்கு வள்ளல் அளிக்கும் கொடை
இக்கட்டு – இடர்ப்பாடு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. பெருமழை 2. வழித்திட்டம் 3. கடுங்காற்று

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'நாணேகாட்' என்னும் பெயரின் பொருள் யாது?
2. புனேயின் மழையளவைக் கொண்டு மலையின் மழையை ஏன் கணிக்க இயலாது?
3. இறக்கத்தில் நியூட்ரலில் வருவது ஏன் தீங்கானது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மலைபடுகடாம் கூறும் வழிகாட்டலையும் இன்றைய பயணத் திட்டத்தையும் ஒப்பிடுக.
2. 'திரும்புதலும் திட்டமே' என்பதை மாளின் நிகழ்வோடு இணைத்து விளக்குக.

ஈ. செயல்திட்டம்
உங்கள் குடும்பத்தினருடன் கலந்து பேசித் தாம்ஹிணி காட்டுக்கு ஒருநாள் வழித்திட்டம் எழுதுக. எந்தெந்த நிலைகளில் திரும்புவீர்கள் என்பதை மூன்று வரிகளில் குறித்து, அதன் கீழ் அனைவரிடமும் கையொப்பம் பெறுக.